ஒட்டுக்கேட்கும் வேலையில் இருந்த என் மருமகள்

என் மருமகளைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நடுவில் திருத்த வேண்டாம்.

அவள் போலீஸில் ஏட்டு. வேலை என்னவோ மூடின அறையில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்தவர் போன் பேச்சைக் கேட்பது. வீட்டில்கூடச் சொல்லக் கூடாதாம். காது வலிக்கிறது என்று வந்து படுப்பாள். ஏன் என்று கேட்டால், "ஃபேன் சத்தம் அத்தை" என்பாள்.

ஒரு நாள் டிவியில் கோர்ட் தொடர் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் ஒரு பெண் அதிகாரி வேனுக்குள் உட்கார்ந்து வில்லனின் போனை ஒட்டுக்கேட்டாள். பிறகு கூண்டில் ஏறி, யாரோ ஒருவர் ரகசியமாகத் துப்பு கொடுத்தார், பேரைச் சொல்ல முடியாது என்றாள். நீதிபதி தலையாட்டினார்.

"கெட்டிக்காரி" என்றேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த மருமகள், "பொய் சொல்றா அத்தை" என்றாள்.

"அவன் திருடன்தானே? எப்படிப் பிடிச்சா என்ன?"

"பிடிச்ச வழியை மறைச்சா, அந்த வழியில கிடைச்ச மத்ததையும் மறைக்கணும். அவன் தப்பு பண்ணலன்னு அந்தப் பேச்சுலயே இருந்தா?"

மடித்த துணியை அப்படியே கீழே வைத்தாள். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. ஒரு மெக்கானிக்கின் பட்டறையில் திருட்டுச் சாமான் பிடிபட்டிருந்தது. யாரோ துப்பு கொடுத்ததாக இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டார். அப்படி யாரும் வரவில்லை. அனுமதி வாங்காமல் இவளை வைத்து மெக்கானிக்கின் போனை ஒட்டுக்கேட்டதுதான். அதே போனில் மெக்கானிக், "உன் மூட்டை எனக்கு வேணாம், எடுத்துட்டுப் போ, இல்ல போலீசுக்குச் சொல்லிடுவேன்" என்று கத்தியதையும் இவள் கேட்டிருக்கிறாள். விடிந்தால் கோர்ட்டில் இவள்தான் சாட்சி. துப்பு தன்னிடம் வந்ததாகச் சொன்னால் பதவி உயர்வு. சொல்லாவிட்டால் என்ன என்று கேட்டதற்கு இன்ஸ்பெக்டர் சிரித்தாராம்.

"நமக்கெதுக்கு வம்பு" என்றான் என் மகன்.

"வாயை மூடுடா. கேட்டது அவ காது. உன் காதா?"

கோர்ட்டுக்கு நானும் போனேன். வேண்டாம் என்றாள், நான் கேட்கிற ஆளா? பின் பெஞ்சில் மெக்கானிக்கின் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"துப்பு கொடுத்தவரை நேர்ல பாத்தீங்களா?" என்றார் மெக்கானிக்கின் வக்கீல்.

"அப்படி ஒருத்தர் இல்லைங்க. நான் போன்ல கேட்டேன். மூட்டை வேணாம்னு அவர் சொன்னதையும் நான்தான் கேட்டேன்."

இன்ஸ்பெக்டர் குனிந்துகொண்டார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, அந்தப் பதிவைக் கொண்டுவரச் சொன்னார். பக்கத்தில் இருந்தவள் நான் யார் என்றே தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் மருமக" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, சேவகர் முறைத்தார்.

பதிவைக் கேட்டபின் மெக்கானிக்கை விட்டுவிட்டார்கள். இவளைப் போக்குவரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"உங்க மருமகளை வெயில்ல நிக்க வச்சுட்டாங்களாமே?" என்று எதிர்வீட்டுக்காரி இழுத்தாள்.

"ஆமா, நிக்கிறா. உக்காந்திருக்கிறவங்க எல்லாம் என்ன கிழிச்சாங்க?"

இப்போது கடைக்கு அவள் நிற்கும் முச்சந்தி வழியாகத்தான் போகிறேன். சுற்றுவழிதான். கையை நீட்டி லாரியை நிறுத்தி என்னைக் கடக்க விடுவாள். நான் மெதுவாகத்தான் நடப்பேன். எல்லோரும் பார்க்கட்டும்.