எட்டு நிறத்தில் ஒரு படுக்கை விரிப்பு

ஓர் இங்கிலீஷ் சொல் பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா, வேறு ஏதாவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளியை முடித்துவிட்டு வந்திருந்த எனக்கே அப்போது பதில் தெரியவில்லை. கேட்ட சித்திக்கோ தெரிந்தே ஆக வேண்டும்.

சித்தி ஒரு சலவைக் கடையில் துணிகளுக்குக் குறி போடுபவள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு நிற நூல். அதைத் துணியின் மூலையில் தைத்துவிடுவாள். நாளெல்லாம் குனிந்து தைத்து முதுகு விட்டுப்போயிருந்தது. முன்மேசை வேலை தருவதாக முதலாளி சொல்லியிருந்தார், பத்தாவது தேறினால். இங்கிலீஷில் அவள் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள்.

'சொல்லின் முகத்தைப் பார்க்காதே, வரியில் அது செய்யும் வேலையைப் பார்' என்றது பயிற்சிப் புத்தகம். அது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஒரு வீட்டில் துண்டாக இருப்பதுதானே இன்னொரு வீட்டில் கால்மிதி! பழைய வெள்ளை விரிப்பு ஒன்றை எடுத்து, நாற்பது சொற்கள் வரும் இங்கிலீஷ் வாக்கியங்களை வரி வரியாகத் தைத்தாள். பெயர்ச்சொல்லுக்குச் சிவப்பு, வினைச்சொல்லுக்குப் பச்சை என்று எட்டு வகைக்கும் எட்டு நிறம். மூலையில் விழுந்த முதல் சொல் 'பேர்ட்ஸ்', சிவப்பில்.

பரீட்சைக்கு முந்தின நாள், கடையில் வைத்திருந்த விரிப்பைக் காணோம். அதே கடையில் இஸ்திரி போடும் சித்தப்பா அதைத் தேய்த்து, மடித்து, லாட்ஜ் மூட்டையில் அனுப்பியிருந்தார்.

"எட்டு கலர்ல தச்சு வெச்சிருக்கேன். உங்க கண்ணுக்கு அந்தச் செவப்பு மட்டும்தான் தெரிஞ்சுதா?"

"மூலையில செவப்பு இருந்தா லாட்ஜுன்னு நீதானே இருபது வருஷமா சொல்லிட்டிருக்கே?"

சித்தி லாட்ஜுக்கு ஓடினாள். விரிப்பு பன்னிரண்டாம் அறைக் கட்டிலில் இருந்தது. அதன்மேல் ஓர் ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப முடியாது என்று மேனேஜர் கையை விரித்துவிட்டார்.

மறுநாள் கேள்வித்தாளில் எல்லாச் சொற்களும் ஒரே கறுப்பாக நின்றன. மேசைக்கடியில் சித்தியின் விரல்கள் தாமாகவே ஊசி கோக்கத் தொடங்கின. இந்தச் சொல்லுக்கு எந்த நூலை எடுப்பேன்? பச்சை. அடுத்ததற்கு? சிவப்பு. அப்புறம் பேனா நிற்கவில்லை.

அந்த வாரமே அழுக்கு மூட்டையில் விரிப்பு திரும்பி வந்தது. சொல்லுக்குச் சொல் பேனாவால் சரி போட்டு, அடியில் யாரோ மதிப்பெண் எழுதியிருந்தார்கள்: 39/40. தவறான ஒன்றைச் சுழித்தும் காட்டியிருந்தார்கள். மைக்கறையைக் கண்டால் விடாத சித்தி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கறையைத் துவைக்காமல் விட்டாள். தப்பான அந்தச் சொல்லை மட்டும் பிரித்து, நிறம் மாற்றித் தைத்தாள்.

பரீட்சையில் அந்தப் பகுதிக்கு எட்டுக்கு ஏழு. தேறிவிட்டாள். இப்போது முன்மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து ரசீது எழுதுகிறாள்; பின்னால் அந்த விரிப்புதான் திரை. வருகிறவர்கள் துணியைக் கொடுத்துவிட்டு அதைப் படிக்க நின்றுவிடுகிறார்கள். சித்தப்பா மட்டும், "நான் அனுப்பினதாலதான் திருத்தி வந்துச்சு" என்று சொல்லித் திரிகிறார்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இங்கிலீஷ் இலக்கணத்துக்குப் பயந்து புத்தகத்தை மூடி வைத்திருந்தால், சித்தியின் கதையை அவர்களிடம் சொல்லுங்கள்.