கோயில் மெழுகும் அண்ணாவின் பெருவிரலும்

நீங்கள் பொய் சொன்னீர்கள். கோயிலில், பூசை முடிந்த கையோடு, மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். அந்தப் பொய்யை என் அண்ணா இப்போது இடது காலின் பெருவிரலில் பூசிக்கொண்டு திரிகிறார். விரல் கறுத்து வருகிறது.

எங்கள் கத்தோலிக்கப் பங்கின் மாதர் சங்கத் தலைவிக்குத்தான் சொல்கிறேன். பெயர் போடத் தேவையில்லை. கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் ஃப்ளாட் வாங்கிப் போய்விட்டீர்கள். வீடு மாறினீர்கள், தலைவிக் கதிரை மட்டும் மாறவில்லை. ஞாயிறு தோறும் காரில் வந்து அதில் உட்கார்ந்துவிட்டுப் போகிறீர்கள்.

முதலில் என் களிம்பைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டு மொட்டைமாடிச் சிலாப்பில், பழைய பெயின்ட் வாளிகளில், கற்பூரவள்ளி, நொச்சி, துளசி வைத்திருக்கிறேன். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் எலுமிச்சைப் புல் காடாய் நிற்கிறது. குங்கிலியம் மட்டும் புறக்கோட்டை நாட்டு மருந்துக் கடையில் வாங்குவேன். இலையைப் பறித்தவுடன் எண்ணெயில் போடக் கூடாது. நிழலில் வாட வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் புளித்து நாறும். தேங்காயெண்ணெய்ப் பாத்திரத்தைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து, இலை மொறுமொறுவென்று வரும்வரை இளஞ்சூட்டில் காய்ச்சி, பழைய சாரத் துணியில் வடிப்பேன். குங்கிலியத்தைத் தூளாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க வேண்டும். அவசரப்பட்டால் அடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு சட்டியையும் சேர்த்து எறிய வேண்டியதுதான். கடைசியில் தேன்மெழுகு. ஒரு சொட்டைக் குளிர்ந்த கரண்டியில் விட்டு விரலால் அழுத்திப் பார்ப்பேன். வெண்ணெய் மாதிரி வழிவிட்டால் சரி.

குதிக்கால் வெடிப்புக்கு நல்லது. மீன் வெட்டுகிறவர்களின் உள்ளங்கை உரிவதற்கு நல்லது. நுளம்புக் கடிக்கும் பரவாயில்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் நான் ஒருநாளும் சொன்னதில்லை. புண்ணுக்குக் கேட்டு வந்தவர்களைத் திட்டி கிளினிக்குக்கு அனுப்பியிருக்கிறேன். அதனால்தான் எனக்குத் தெருவில் வாய்க்காரி என்று பெயர்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். காலி வீதிப் பக்கம் எங்கோ அரோமாதெரபி வகுப்புக்குப் போய், சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த காலம் அது. என் டப்பாவைத் திறந்து, கண்ணை மூடி, மூக்கால் நீளமாக இழுத்தீர்கள்.

"தங்கச்சி, இதில ஒரு எனர்ஜி இருக்கு."

"அதில கற்பூரவள்ளி இருக்கு," என்றேன்.

"இல்லை இல்லை, அதுக்கும் மேல ஒண்டு."

"மேல தேன்மெழுகு."

நீங்கள் சிரித்தீர்கள். ஏழைகள் பகிடி விட்டால் சிரிக்க வேண்டும் என்று அந்த வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். பிறகு உங்கள் கைப்பையிலிருந்து ஒரு குட்டிக் குப்பியை எடுத்து, சுத்தமான எலுமிச்சைப் புல் எண்ணெய், நானே செய்தது என்றீர்கள். நான் அந்தப் புல்லை அவித்து, ஆவியைக் குளிரவைத்து எண்ணெய் எடுத்துப் பார்த்தவள். ஒரு கட்டுப் புல் அவித்தால் தண்ணீரின் மேல் சில சொட்டு மிதக்கும், அதையும் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். உங்கள் பால்கனியில் இருக்கிற ஒற்றைச் சாடியில் குப்பி குப்பியாய் எண்ணெய் சுரக்கிறதென்றால் அதுதான் உண்மையான அதிசயம். கடைச் சென்ட்டைத் தேங்காயெண்ணெயில் கலந்த வாசனை எனக்குத் தெரியாதா? போகட்டும் என்று விட்டேன். சென்ட் பூசி யாரும் சாகப் போவதில்லை.

எங்கள் புனிதரின் திருநாளுக்கு முன்னால் கோயில் கூரை திருத்த விற்பனை வைத்தோம். ரோல்ஸ், கட்லட், கேக், பின்னல் விரிப்பு என்று ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டும். என் பங்குக்குக் களிம்பு. எண்ணெய் காய்ச்சி, குங்கிலியமும் கரைத்து, பெரிய போத்தலில் தயாராய் வைத்திருந்தேன். தேன்மெழுகுதான் அந்தக் கிழமை கடையில் இல்லை. கேள்விப்பட்டு நீங்கள் ஓடி வந்தீர்கள், கையில் ஒரு அரிசிப் பையோடு. பைக்குள் மெழுகுதிரிக் கட்டைகள். புனிதரின் சொரூபத்துக்கு முன்னால் சனம் ஏற்றி, எரிந்து முடிந்த மிச்சம்.

மகள் ஓ.எல். சோதனை பாஸாக வேண்டுமென்று ஒருத்தி ஏற்றியது. கனடா விசாவுக்கு ஒருவன் ஏற்றியது. புருஷனின் குடி நிற்க ஒருத்தி ஏற்றியது, தனக்கு லொத்தர் விழ அதே புருஷன் ஏற்றியது. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் உருக்க வேண்டுமாம்.

"இது பரஃபின்," என்றேன். "மண்ணெண்ணெய்க்குச் சொந்தக்காரன். சாயம் கிடக்கு, திரிக்கரி கிடக்கு. கல்லு மாதிரி இறுகும்."

"எத்தனை பேர்ட மன்றாட்டு இதில இருக்கு, யோசிச்சுப் பாத்தீங்களா?"

"யோசிச்சன். அவ்வளவையும் ஒருத்தர்ட குதிக்கால் தாங்காது."

முகம் சுருங்கிப்போச்சு உங்களுக்கு. "சரி, எண்ணெயைத் தாங்கோ. மெழுகை நான் பாத்துக்கொள்ளுறன்," என்றீர்கள். வெள்ளவத்தையில் கிடைக்காத சாமான் இல்லை, தேன்மெழுகும் கிடைக்கும் என்று நம்பிப் போத்தலைத் தந்தேன்.

விற்பனை நாளன்று பார்த்தால் டப்பா எல்லாவற்றிலும் புனிதரின் படம். பூசை முடிந்ததும் நீங்கள் மைக்கில் சொன்னீர்கள்: "நம் புனிதரின் பாதத்தில் எரிந்த மெழுகு இதில் கலந்திருக்கிறது. ஆறாத புண்ணையும் ஆற்றும். இறுகியிருந்தால் மெழுகுதிரியில் காட்டி உருக்கிப் பூசுங்கள்."

ரோல்ஸ் மேசையில் ஈ மொய்த்தது. களிம்பு மேசையில் சனம் மொய்த்தது. ஒருவர் வாங்கிய இடத்திலேயே த்ரீவீல் ஹேண்டிலில் பூசினார். ஒரு பிள்ளையின் நெற்றியில் தாய் பூசி, கணக்குப் பாடத்துக்கு என்றாள். ஒரு கிழவர் பாஸ்போர்ட்டைத் திறந்து படத்திலேயே பூசினார். இனி அவரை எந்த நாட்டுக்காரன் அடையாளம் பிடிப்பான் என்று தெரியவில்லை. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும்வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

அண்ணா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னோடுதான் இருக்கிறார். சீனி வருத்தம் முற்றிப் பாதத்தில் உணர்ச்சி செத்துவிட்டது. ஒருமுறை செருப்பையும் துளைத்துக் காலில் ஏறிய ஆணியோடு வீடு முழுக்க நடந்து, "என்ன தங்கச்சி, டிக் டிக் எண்டு சத்தம் கேக்குது?" என்று என்னைக் கேட்டவர். செருப்பு வார் உரசிப் பெருவிரலில் சின்னப் புண் வந்திருந்தது. கிளினிக்குக்குப் போய் மருந்து கட்டி, காய்ந்துகொண்டும் வந்தது. அவரும் ஒரு டப்பா வாங்கியிருந்தார். எங்கள் வீட்டிலேயே சும்மா கிடக்கிற எண்ணெயை, சல்லி கொடுத்து வாங்கியிருந்தார்.

களிம்பு கல்லாய் இறுகியிருந்தது. நீங்கள் சொன்னபடியே கரண்டியில் எடுத்து, மெழுகுதிரியில் காட்டி உருக்கி, விரலில் ஊற்றியிருக்கிறார். நான் சிலாப்பில் நின்றேன். கீழே இருந்து ஒரே கூப்பாடு.

"தங்கச்சி! ஓடி வா! கொதிக்கக் கொதிக்க ஊத்தினன், சுடவேயில்லை! இது புனிதர்ட புதுமை இல்லாம வேற என்ன?"

"புதுமை இல்லை அண்ணா, சீனி! உங்களுக்கு நெருப்பு வச்சாலும் சுடாது!"

"உனக்குப் பொறாமை."

"என்ர எண்ணெயில எனக்கே பொறாமையா?"

"நீ செய்த எண்ணெய் குதிக்காலுக்கு. கோயில் மெழுகு சேர்ந்ததாலதான் இது வேலை செய்யுது. செய்தவளுக்கு என்ன தெரியும்?"

மறுநாள் விரலில் கொப்புளம். கெட்ட தண்ணீர் வெளியே வருகிறதாம். நான் இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். துணியை அவிழ்த்த நேர்ஸ் மூக்கைச் சுளித்து, "மே மொனவத அங்கிள் காலா தியென்னே?" என்றாள். என்ன பூசியிருக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்கிறாள். அண்ணா நெஞ்சை நிமிர்த்தி, "பல்லியே இட்டி, மிஸ்," என்றார். கோயில் மெழுகு. அவள் கத்தினாள் பாருங்கள், வரிசையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நியாயமான கத்தல்தான். ஆனால் அண்ணாவுக்கு ரோஷம். விசுவாசம் இல்லாத ஆட்களிடம் இனிக் காலை நீட்டமாட்டேன் என்று கிளினிக்கை அன்றோடு விட்டுவிட்டார்.

இதோடு நீங்கள் நிறுத்தியிருக்கலாம். இல்லை. கொதிக்கிற மெழுகு சுடாத கதை உங்கள் காதுக்கு எட்டியவுடன், அடுத்த ஞாயிறே அவரைப் பூசை முடியக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். கிரேனுக்குள் தனியாய் இருந்து பழகிய மனுஷன், நாலு பேர் முன்னால் கதைத்தறியாதவர், திக்கித் திக்கிச் சாட்சி சொன்னார். சனம் கை தட்டியது. முன் வாங்கில் இருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்தாள். அன்றிலிருந்து தெருவில் அவரை மறித்து, "அங்கிள், ஒருக்கா காட்டுங்கோ," என்று கேட்கிறார்கள். இவர் சப்பாத்தைக் கழற்றிக் காட்டுகிறார். தூசிக்கும் சாக்கடைக்கும் நடுவில் நின்று.

நான் பங்குச் சுவாமியிடம் போனேன். தான் ஆசீர்வதித்தது விற்பனை மேசைகளை, களிம்பை அல்ல என்றார்.

"அப்ப பக்கத்தில இருந்த கட்லட்டும் புண்ணை ஆத்துமா, சுவாமி?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அப்படியென்றால் அதை மைக்கில் சொல்லுங்கள் என்றேன். "திருநாள் முடியட்டும், பாப்பம். முதலில சங்கத்தோட கதையுங்கோ," என்றார். புண்ணுக்குத் திருநாள் எப்போது என்று தெரியாது. நானும் மெழுகுதிரி ஏற்றுகிறவள்தான், பூசை தவறாதவள்தான். நான் ஏற்றுவது புனிதருக்கு முன்னால் எரிவதற்கு. யாருடைய காலிலும் ஊற்றுவதற்கல்ல.

அதனால்தான் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினேன். உங்கள் ஃப்ளாட்டின் கேட்டில் காவலுக்கு நிற்கிறவர் என்னை மேலும் கீழும் பார்த்து, வேலைக்கு வந்ததா என்று சிங்களத்தில் கேட்டார். ஓம், பெரிய வேலைதான் என்றேன். மேலே உங்கள் வீட்டு மூலையில் ஒரு மெஷின் வாசனைப் புகை விட்டுக்கொண்டிருந்தது. கீழே ரயில் போனது, உங்கள் கண்ணாடி அலுமாரி குலுங்கியது. நீங்கள் மட்டும் குலுங்கவில்லை.

"நான் மருந்து எண்டு சொன்னேனா, தங்கச்சி? நம்பிக்கை எண்டுதானே சொன்னன்."

"ஆறாத புண்ணையும் ஆத்தும் எண்டு சொன்னது ஆர்?"

"அது மனப் புண்."

"மனப் புண்ணைத்தான் மெழுகுதிரியில காட்டி உருக்கிப் பூசச் சொன்னீங்களோ?"

தேத்தண்ணி ஊற்றினீர்கள். பிறகு, நான் வாயைத் திறக்குமுன், திருநாளன்றும் மேசை போடப் போகிறோம், உங்கட எண்ணெய் இன்னும் கொஞ்சம் வேணும் என்றீர்கள். இந்தக் கட்டிடத்துப் பெண்களும் கேட்கிறார்களாம். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தேன். எண்ணெய் கிடையாது. ஒரு சொட்டும் கிடையாது. வீட்டில் மிச்சம் இருந்த இன்னொரு போத்தலை நான் சாக்கடையில் ஊற்றிவிட்டேன், அந்தப் பக்கத்து நுளம்பாவது சாகட்டும்.

முந்தாநாள் எங்கள் தெரு டிஸ்பென்சரி டொக்டரை வீட்டுக்கே கூட்டி வந்தேன். அவர் விரலைப் பார்த்தார், அண்ணாவின் முகத்தைப் பார்த்தார். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், விரல் தப்புமா என்று சொல்ல முடியாது, பிந்தினால் பாதமும் போகும் என்றார். அவர் போன பிறகு அண்ணா துணியை எடுத்து விரலை மூடினார். அவருக்கும் பயம் வந்துவிட்டது.

"நான் மைக்கில சொன்னவன்," என்றார். "இப்ப ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா சனம் என்ன சொல்லும்? நான் பொய்யனா, புனிதர் பொய்யனா?"

"ரெண்டு பேரும் இல்லை அண்ணா. மூண்டாவது ஆள் ஒண்டு இருக்கு."

"அப்ப அவ வந்து சொல்லட்டும். நான் சொன்ன இடத்தில, நான் சொன்ன ஆக்களுக்கு முன்னால சொல்லட்டும். அந்த நிமிஷமே த்ரீவீல்ல ஏறுறன்."

கெஞ்சிப் பார்த்தேன். திட்டிப் பார்த்தேன். டொக்டர் மறுபடி வந்தும் சொல்லிப் பார்த்தார். அசையவில்லை. என் சொல் அவரிடம் எடுபடாது, நான் வெறும் களிம்பு செய்தவள். உங்கள் சொல்தான் எடுபடும், ஏனென்றால் அவரை அந்த மேடையில் ஏற்றியது நீங்கள். இறக்குவதும் உங்களால்தான் முடியும்.

அதனால் வருகிற ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வாருங்கள். உங்களுக்கு ஃபோன் எடுத்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்தீர்கள். சங்கக் கூட்டத்தில் கேட்டேன், வேறு விஷயத்துக்குப் போனீர்கள். இனித் தனியாகக் கதைக்க ஒன்றும் இல்லை. எனர்ஜி வேண்டாம், மனப் புண் வேண்டாம், விசுவாசம் பற்றிய பிரசங்கமும் வேண்டாம், அதற்குச் சுவாமி இருக்கிறார். அண்ணா முன் வாங்கில் காலை நீட்டிக்கொண்டு இருப்பார். வெளியே த்ரீவீல் நிற்கும். அவருடைய விரலைப் பார்த்து, எல்லாரும் கேட்க, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: சீனி வருத்தக்காரரின் புண்ணில் இதைப் பூசலாமா, கூடாதா?