துவக்கு வாயில் சிவப்பு ஒட்டுநாடா

1. கையில் வைத்த ஈயம்

விக்டோரியா மாநிலத்து டண்டினொங்கில் நான் லேத் அடித்துக்கொண்டிருந்த தொழிற்சாலை மூடப்பட்ட அடுத்த திங்கட்கிழமை, கெவினின் துவக்குக் (துப்பாக்கிக்) கடைப் பின்னறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அது மடு மாதா ஆடித் திருவிழாவுக்கு அடுத்த கிழமை. நான் மன்னார் ஆள். நாட்களைத் திருவிழாக்களை வைத்துத்தான் ஞாபகம் வைப்பேன். ஆண்டை வேண்டுமென்றே எழுதவில்லை. இதில் வருகிறவர்கள் எல்லாரும் நலமாக இருக்கிறார்கள், இருக்கட்டும்.

முதல் நாள் கெவின் எனக்கு இயந்திரம் எதையும் காட்டவில்லை. "கையை நீட்டு, ஸ்ரான்" என்றார். (என் முழுப்பெயர் ஸ்ரனிஸ்லாஸ். அவர் பேசியது ஆங்கிலம். நான் தமிழாக்கி எழுதுகிறேன்.) பழைய ஃபிலிம் டப்பா ஒன்றைத் திறந்து, என் உள்ளங்கையில் எதையோ கொட்டினார். காளான்போல விரிந்த சிறிய ஈயத் துண்டு. செப்பு ஓரம் கறுத்திருந்தது.

வாடிக்கையாளர் ஒருவர் சம்பர் மான் ஒன்றை வெட்டும்போது தோள் தசைக்குள் கிடந்ததாம். காயம் எப்போதோ ஆறி, ஈயத்தைச் சுற்றிக் கட்டியாகத் தசை வளர்ந்திருந்தது. யாரோ சிறிய துவக்கால் சுட்டிருக்கிறார்கள். குண்டு எலும்பில் பட்டு நின்றுவிட்டது. மான் அதைச் சுமந்துகொண்டே திரிந்திருக்கிறது.

"துவக்கிலே பிழையில்லை. பிடிச்சவனுக்கு அவசரம்" என்றார் கெவின்.

சம்பர் மானை நாங்கள் ஊரில் மரை என்போம். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் இங்கே கப்பலில் கொண்டுவந்து விட்டவற்றில் சில இலங்கையிலிருந்து வந்தவை என்று வாசித்திருக்கிறேன். அதைத் தேநீர் நேரத்தில் சொன்னேன். கெவினுக்கு ஒரே சந்தோசம். "அப்ப உங்கட ஊர்ச் சனம்! விசா எடுத்ததோ?" என்று கேட்டார்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது வந்து பெரிய மிருகத்துக்குச் சிறிய துவக்குக் கேட்டால், விலை சொல்வதற்கு முன் கெவின் அவர் கையில் அந்த ஈயத்தை வைப்பார். கதையைச் சொல்வார். பிறகுதான் வியாபாரம். சிலர் கதையோடு போய்விடுவார்கள். கெவின் கவலைப்பட்டதில்லை.

2. அன்ரனின் தோள்

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் கழிந்த சனிக்கிழமை அன்ரன் வந்தான். மன்னார்ப் பெடியன், இங்கே பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அவனோடு எப்போதும்போல அவன் கூட்டாளி றெஜியும் வந்தான். இருவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு ஆண்டும் உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் கிப்ஸ்லாண்ட் மலைக்காட்டுக்கு வேட்டைக்குப் போவார்கள். அன்ரனுக்கு ஆண்டில் உள்ள ஒரே கொண்டாட்டம் அது.

"அண்ணை, என்ர துவக்கை விக்க வேணும்."

"ஏன்ராப்பா, மனிசி சொல்லிப்போட்டாவோ?"

"மனிசி சொல்லி நான் எப்ப கேட்டனான்? டொக்டர் சொல்லிட்டார். தோள்மூட்டு ஒப்பரேசன் செய்தது தெரியுந்தானே. இனி அந்த உதை வாங்கினா, கையைத் தூக்கிச் சிலுவை போடவும் ஏலாதாம்."

அவனிடம் இருந்தது .308 (குழாய்த் துளையின் அளவு, அங்குலத்தில்). நல்ல துவக்கு, ஆனால் தோளில் உதைக்கும். அவன் கேட்டது .243. குண்டு மெலிது, உதை குறைவு.

"மரைக்கும் காணுந்தானே அண்ணை? எங்கட அப்புமார் கட்டுத்துவக்கால மரை விழுத்தேல்லையோ?"

"விழுந்ததைத்தான் அவை கதைச்சவை. காயத்தோட ஓடினதை ஆர் கதைச்சது?"

றெஜி கண்ணாடிப் பெட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "அண்ணை, அதுக்கு ஒரு பொட்டும் வைச்சுக் குடுங்கோ. முயல் ஓடி வந்து கைகுடுக்கும்."

அன்ரன் சிரிக்கவில்லை. றெஜி வெளியே போன பிறகு மெதுவாகச் சொன்னான்: "துவக்கு இல்லாட்டி என்னைச் சமைக்கத்தான் கூட்டிக்கொண்டு போவாங்கள் அண்ணை. வாற வருசம் அதுக்கும் கூப்பிடமாட்டாங்கள்."

எந்த மிருகத்துக்கு என்று கெவின் கேட்க, சம்பருக்கு என்றான் அன்ரன். கெவின் ஈயத்தை அவன் கையில் வைத்தார். கதையைச் சொன்னார். பிறகு என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். "இவன் சம்பர் எண்டு வாய் திறந்திட்டான். நான் விக்கமாட்டன்."

விக்டோரியாவில் சட்டமும் அதுதான். மரைக்கு .270க்குக் குறைந்த துளையுள்ள துவக்கு ஆகாது. அதைவிடச் சிறிய ஃபலோ மானுக்கு .243 போதும். ஆபிரிக்காவில் சிறிய குண்டால் யானையையே விழுத்தியவர்களைப் பற்றி நான் நிறைய வாசித்திருக்கிறேன். அவர்களுக்கு யானையின் மண்டையோட்டில் எந்த இடம் மெல்லிது என்று தெரியும். அந்த இடம் திரும்பும்வரை நிற்கும் பொறுமையும் இருந்தது. அவர்களைப் பார்த்துச் சுட்டவர்கள் மிதிபட்ட கதைகளும் அதே புத்தகங்களில் உண்டு.

"ஃபலோவுக்கு மட்டும் எடுப்பான். நான் சொல்லுறன்" என்றேன்.

கெவின் என்னைப் பார்த்தார். "இவ்வளவு காலமும் உன்ர சொல்லை நான் சோதிச்சுப் பார்த்ததில்லை, ஸ்ரான். சரி."

நான் முன்னே போய் அன்ரனிடம் சொன்னேன்: "தம்பி, கெவின் என்ர வாயை நம்பித்தான் தாறார். ஃபலோ மட்டும். மரை உன்ர மடியில வந்து படுத்தாலும் தடவிக் குடுத்து அனுப்பு."

"ஓம் அண்ணை."

"மாதா அறிய?"

"மாதா அறிய."

3. ஒட்டுநாடா

அவனுடைய பேமிட் (துவக்கு வாங்கும் அனுமதி) வந்து சேர்ந்ததும் வேலையைத் தொடங்கினேன். துவக்கின் தோளில் வைக்கும் கட்டையைச் சிறிது குறுக்கி, பின்னால் தடித்த ரப்பர் வைத்தேன். குருத்து ஞாயிறுக்கு முந்திய நாள் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கூட்டிப் போனேன். முதல் வெடியிலேயே அவன் முகம் மலர்ந்தது. "அண்ணை, இது தோளில தட்டிப்போட்டுப் போகுது!" ஆனால் குண்டுகள் இலக்குத் தாளின் கீழேயே போயின. அவனுக்குத் தெரியாமல் வெடிக்காத டம்மி ரவுண்ட் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். விசையை இழுத்தான். சத்தமில்லை, ஆனால் குழாய் முனை பொசுக்கென்று கீழே குனிந்தது.

"பாத்தியோ? உதை போயிட்டுது. உன்ர பயம் இன்னும் தோளில இருக்கு."

"நீங்கள் பொல்லாத ஆள் அண்ணை" என்றான். மத்தியானத்துக்குள் குண்டுகள் ஒரு கோப்பையால் மூடக்கூடிய வட்டத்துக்குள் விழுந்தன.

கடைக்குத் திரும்பி, துவக்கைச் சுத்தம் செய்து எண்ணெய் பூசி, குழாய் வாயில் சிவப்பு இன்சுலேசன் ரேப் (ஒட்டுநாடா) ஒட்டினேன். மழையும் மண்ணும் உள்ளே போகாமலிருக்க இங்குள்ள வேட்டைக்காரர்கள் செய்வது. சுடும்போது கழற்றத் தேவையில்லை. குண்டுக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே அதைக் கிழித்துவிடும். மற்றவர்கள் ஒரு துண்டு ஒட்டுவார்கள். நான் இரண்டு துண்டைச் சிலுவையாகப் போட்டு, நுனிகளை மூன்றாவதால் சுற்றிக் கட்டுவேன். பழக்கம்.

4. காட்டில் கேட்ட வெடி

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த வியாழன் பின்னேரம் றெஜி வீட்டுக்கு ஃபோன் எடுத்தான். அப்போதுதான் காட்டிலிருந்து வந்திருந்தார்கள்.

"அண்ணை, உங்கட ஆள் வேலை காட்டிட்டான். விடியப்புறம் அவன்ர பக்கத்தில ஒரு வெடி. நாங்கள் ஓடிப்போனா, ஐயா கல்லில இருக்கிறார். பக்கத்தில பெரிய கலைமரையின்ர காலடி, புதுசு. என்னடா எண்டா முகத்தைத் திருப்புறான். வாற வழியெல்லாம் வாய் திறக்கேல்லை."

"இரத்தம் கண்டனீங்களோ?"

"காணேல்லை. ஆனா மழை பெய்தது அண்ணை."

இரண்டு நாளும் எனக்கு, எங்கோ ஒரு பள்ளத்தில் ஒரு மரை, மெலிந்த குண்டைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பதாகவே தோன்றியது. கெவினிடம் சொல்லாமலிருக்க முடியவில்லை. சொன்னேன். அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை கடை திறந்ததும் அன்ரன் தனியே வந்தான். துவக்கு உறையை மேசையில் வைத்தான்.

"சுத்தம் செய்து தாங்கோ அண்ணை. நல்லா நனைஞ்சிட்டுது."

நான் உறையைத் திறந்தேன். கட்டையெல்லாம் சேறு. குழாய் வாயில் சிவப்பு ரேப். சிலுவையாக இரண்டு துண்டு, நுனிகளைச் சுற்றி மூன்றாவது. ஓரத்தில் மண் ஒட்டியிருந்தது. கிழியவில்லை.

கெவின் என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ரேப்பை உரித்து, வெள்ளைத் துணியைக் குழாய்க்குள் தள்ளி எடுத்தேன். நான் பூசிய எண்ணெய் மட்டும் வந்தது. கரியில்லை.

"அப்ப அந்த வெடி?"

"எதிர்ப் பள்ளத்தில வேற ஆரோ. அந்தச் சத்தத்துக்குத்தான் அது ஓடினது."

"எது?"

அன்ரன் கதிரையில் இருந்தான். "கலைமரை அண்ணை. இந்தக் கதவடிக்கும் அந்த மேசைக்கும் உள்ள தூரம். கொம்பு இவ்வளவு. நேரா என்னைப் பாத்துக்கொண்டு நிண்டது. மூக்கால ஆவி போறது தெரிஞ்சது. துவக்கு தோளில. விரல் விசைக்கு வெளியில. குழாய் குனியேல்லை அண்ணை, ஒரு துளியும்."

"இதை றெஜியிட்டச் சொல்லுறதுக்கு என்ன?"

"கண்டனான் எண்டு சொன்னா, ஏன் சுடேல்லை எண்டு சாகுமட்டும் கேப்பாங்கள். அவங்கள் வர முன்னமே துவக்கை உறையில போட்டிட்டன், ரேப்பைக் காணேல்லை. சுட்டுத் தவறவிட்டவன் எண்டு நினைக்கட்டும். அது எல்லாருக்கும் நடக்கிறது. சுடாமல் விட்டவனை ஆர் கூட்டிக்கொண்டு போவினம்?"

நான் கெவினுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அன்ரனின் நல்ல தோளில் ஒருமுறை தட்டினார். பிறகு ஃபிலிம் டப்பாவைத் திறந்து, மேசையில் கிடந்த ரேப் துண்டை மடித்து, ஈயத்தோடு உள்ளே போட்டு மூடினார்.

அதற்குப் பிறகு நான் ஓய்வுபெறும்வரை கடையில் வழக்கம் சிறிது மாறியிருந்தது. பெரிய மிருகத்துக்குச் சிறிய துவக்குக் கேட்டு வருகிறவர் கையில் இரண்டையும் வைத்தோம். ஈயத்தின் கதையைக் கெவின் சொல்வார். ரேப்பின் கதையை, பெயர் சொல்லாமல், நான் சொல்வேன். இந்தத் தொழிலில் நான் படித்தது அவ்வளவுதான்: துவக்குச் சிறிதாகச் சிறிதாக, பிடிக்கிறவனிடம் அது கேட்பது கூடிக்கொண்டே போகும், கேட்பதைத் தர முடியாதவன் அதை வாங்கக் கூடாது.

அன்ரன் இப்போதும் அவர்களோடு போகிறான். தவறவிட்ட வெடியைச் சொல்லி றெஜி இப்போதும் பகிடி பண்ணுகிறான். இதை எழுத முன் அன்ரனிடம் அனுமதி கேட்டேன்.

"எழுதுங்கோ அண்ணை" என்றான். "றெஜி எங்க வாசிக்கப் போறான்?"