முனி கோயில் வளைவில் ஷாமிலாவின் கைகள்

நாகலெட்சுமி பள்ளிக்கூட வேனை எடுத்தால் ராகலை மலைப்பாதையின் மூடுபனி இரண்டாகப் பிளந்து வழிவிடும். இதைச் சொல்வது அவளேதான். கேட்பவர்கள் சிரித்தால், "சரி, பொளக்காது. கொஞ்சம் ஒதுங்கி நிக்கும்" என்று இறங்கி வருவாள். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புப் பிள்ளைகளை வருடக்கணக்கில் ஏற்றி இறக்கும் அந்த வேனில் ஒரு கீறலும் விழுந்ததில்லை என்பது மட்டும் கலப்படமில்லாத உண்மை.

இரண்டாவது வேன் ஒன்று போட அவளுக்கு ஆசை. அதை ஓட்டுவதற்கு அண்ணன் வீரய்யாவின் மகள் ஷாமிலாவை மனதில் வைத்திருந்தாள். பதினெட்டு முடிந்த பெண்; கியர், பிரேக் எல்லாம் சுத்தம். ஒரே ஒரு கோளாறு. முனி கோயில் வளைவு வந்ததும் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிடுவாள். ஒருநாள் கும்பிட்டு முடிப்பதற்குள் வேனின் முன்சக்கரம் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கிவிட்டது; நல்லவேளை, கீறல் இல்லை. மறுபக்கம் போயிருந்தால் பள்ளம்.

இனி மகள் வண்டியைத் தொடவே கூடாது என்றார் வீரய்யா. தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுபவர், சொன்னால் சொன்னதுதான். நாகலெட்சுமி கெஞ்சவில்லை, சண்டைக்கே போனாள். சின்ன வயதில் இவளை மடியில் வைத்து லொறி ஓட்டியது யார், அதே வளைவில் கையை விட்டுக் கும்பிட்டுக் காட்டியது யார் என்று கேட்டாள். வீரய்யா ஆறிப்போன தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவுக்கு மகளே வேனை ஓட்டட்டும், தான் பின்சீட்டில் இருந்து பார்க்கிறேன் என்று இறங்கி வந்தார். வளைவில் ஒரு கை விலகினாலும் மகள் லைசன் எடுக்கும் பேச்சு அத்தோடு முடிந்தது என்றார்.

அந்த வாரம் முழுக்க நாகலெட்சுமி, தூக்குவாளி நிறையச் சாம்பாரை மடியில் வைத்துக்கொண்டு ஷாமிலாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி ஆடிச் சேலையில் சிந்தினால் துவைக்க வேண்டியவள் ஷாமிலா. முதல் இரண்டு சேலையும் மஞ்சளாயின. கும்பிடாமல் போனால் சாமி குத்தமாகிவிடுமே என்று அவள் கண்கலங்கினாள். அத்தை வளைவுக்கு நல்ல தூரம் முன்னாலேயே, நேர்ப்பாதையில், வேனை ஓரங்கட்டச் சொன்னாள்.

"எறங்கிப் போயி ஆற அமரக் கும்புட்டுட்டு வா. வண்டிய எடுத்த பொறகு ஒங்கையி முனிக்கில்ல, பின்னால உக்காந்திருக்கிற புள்ளைங்களுக்கு."

ஞாயிறு வந்தது. நாகலெட்சுமி முன்சீட்டில், வீரய்யாவும் மனைவி பிரேமினியும் பின்சீட்டில். ஷாமிலா நேர்ப்பாதையில் நிறுத்தி, இறங்கிக் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்தாள். கியரைக் குறைத்தாள். நீளமாக ஹோன் அடித்துவிட்டு வளைவில் இறங்கினாள். மூடுபனிக்குள்ளிருந்து பஸ் ஒன்று பாதி ரோட்டை விழுங்கிக்கொண்டு ஏறி வந்தது. அவள் கைகள் ஸ்டியரிங்கை விட்டு விலகவில்லை. இடப்பக்கம் ஒதுக்கி, அலுங்காமல் நிறுத்தி, ஏறும் வண்டிக்கு வழிவிட்டாள். பஸ் டிரைவர் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

"ஏன் நிப்பாட்டியிருக்க?" என்று பின்னாலிருந்து வீரய்யாவின் குரல் கேட்டது.

நாகலெட்சுமி திரும்பிப் பார்த்தாள். அண்ணன் இரண்டு கையையும் கூப்பியபடி, அப்போதுதான் கண்ணைத் திறந்துகொண்டிருந்தார்.

"நல்லா பாத்தீங்கண்ணே, பரீட்சை."

வீரய்யா மெல்லக் கையைப் பிரித்தார். போகிற பஸ்ஸின் முதுகைப் பார்த்தார், மகளின் கைகளைப் பார்த்தார். "ஓட்டு தாயி" என்றார்.

அன்று சாயந்திரம் லயத்து வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நாகலெட்சுமியின் வாயில் பஸ் ரயிலாகிவிட்டது. நுவரெலியா டவுனில் அண்ணன் மகளைக் கட்டிப்பிடித்து அழுத அழுகையில் மார்க்கெட்டே திரண்டுவிட்டதாம், மரக்கறிக் கடையில் லீக்ஸ் விற்றவன்கூட கண்ணைத் துடைத்தானாம்.

உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்த பிரேமினி தலையை மட்டும் நீட்டினாள்.

"அழுவலாம் இல்ல. திரும்பி வரயில முன்சீட்டுல ஏறி உக்காந்து, வீடு வர்ற வரைக்கும் கொறட்ட விட்டுக்கிட்டு வந்தாரு. அடுத்தவங்க ஓட்டுற வண்டியில அந்த மனுசன் கண்ணசந்து நான் இன்னைக்கித்தான் பாக்குறேன்."