அம்மா தட்டிய அலுமினியத் தட்டு

அலுமினியத் தட்டில் இரும்புக் கரண்டி பட்டால் எழும் ஓசையை யாரும் இனிமை என்று சொல்லமாட்டார்கள். பல் கூசும், அடுப்படிப் பூனை எழுந்து ஓடும். எனக்கு மட்டும் அதைக் கேட்டால் இன்றும் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. விளிம்பு நெளிந்து நடுவில் குழிகள் விழுந்த அந்தத் தட்டை அம்மா சோறு போடுவதற்காக வைத்திருக்கவில்லை. எங்கள் நாய் ஈன்ற குட்டிகள் கண் திறந்து, காதும் திறந்து, தள்ளாடி நடக்கத் தொடங்கியதும் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து கோணிப்பைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் விட்டுவிட்டு, அந்தப் பக்கம் தான் மறைந்து நின்று, தட்டை உயரப் பிடித்துக் கரண்டியால் ஓங்கி அடிப்பாள். தரையில் வைத்து அடித்தால் அதிர்வை வைத்தே குட்டி திரும்பிவிடுமாம். சத்தத்துக்குத் திரும்பினால்தான் காது கேட்கிறது என்று பொருள். எங்கள் பண்ணையில் இதற்குத் "தட்டு பரீட்சை" என்று பெயர், அதை எழுதாமல் ஒரு குட்டியும் கேட்டைத் தாண்டியதில்லை.

குத்தம்பாக்கம் போகிற வழியில் இருந்த எங்கள் நிலம் பெரியதல்ல. நைனாவின் குடும்பம் பல தலைமுறையாகச் செம்மறி வளர்த்த குடும்பம்; அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவளுடைய அப்பா ராஜபாளையத்துப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர், வந்த இடத்திலும் தன் ஊர் வெள்ளை நாயை விடாமல் வளர்த்தவர். கல்யாணமாகி அம்மா வந்தபோது பீரோ, கட்டிலோடு ஒரு பெட்டை நாயும் டெம்போவிலிருந்து இறங்கியது என்று எங்கள் அத்தை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்த நாயின் வம்சம்தான் எங்கள் நாய்கள் எல்லாம்.

ஆடு விஷயத்தில் நைனாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு கிடாவுக்குப் பிறந்த பெட்டைகள் பருவத்துக்கு வருவதற்குள் அந்தக் கிடா எங்கள் பட்டியில் இருக்கக் கூடாது. எவ்வளவு அழகாக, எவ்வளவு எடுப்பாக இருந்தாலும் சரி, குட்டியானை என்கிற சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு திருவள்ளூர்ப் பக்கம் யாரிடமாவது கொடுத்துவிட்டு, எங்கள் ஆடுகளோடு எந்த உறவும் இல்லாத வேறொரு சிவப்புக் கிடாவோடு திரும்பி வருவார். "பொண்ணுக்கு மாப்ள தேடறவன்கூட இவ்ளோ அலையமாட்டாம்பா" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். நைனா சிரித்துக்கொண்டே டீ குடிப்பார். எங்கள் குட்டிகள் கொழுகொழுவென்று நிற்பதைப் பார்த்துவிட்டு அதே ஆட்கள்தான் மறுவருஷம் குட்டி கேட்டு வருவார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் நாய் விஷயத்தில் சறுக்கினார் என்றால் அதற்குக் காரணம் ஒரு புல்வெளி. எங்கள் நிலத்தை ஒட்டிப் பெரிய மனை ஒன்று இருந்தது. கொரட்டூரில் மரக்கடை வைத்திருந்த ஒருவருக்குச் சொந்தம். கட்டடம் எதுவும் எழுப்பாமல் போட்டுவைத்திருந்தார், புல் முழங்கால் உயரம் வளர்ந்து கிடந்தது. "மேச்சிக்கோப்பா, எனக்கு இன்னா நஷ்டம்" என்று அவர் பெருந்தன்மையாக விட்டதால் எங்கள் ஆடுகளின் பாதி வயிறு அங்கேதான் நிறைந்தது. அவர் ஒருநாள், தன் மகனுக்குப் பால் மாதிரி வெள்ளையாக, நீலக் கண்ணோடு ஒரு நாய்க்குட்டி வேண்டும் என்றார். நைனாவால் மறுக்க முடியவில்லை. அம்மா தன் தங்கையின் பிரசவத்துக்காக குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்த சமயம், எங்கள் வெள்ளைப் பெட்டையை அதன் உடன்பிறந்த வெள்ளை நாயோடே சேர்த்துவிட்டார். ஆட்டில் செய்ய நினைத்தும் பார்க்காத காரியத்தை நாயில் செய்தார். சுத்த வெள்ளையும் நீலக் கண்ணுமாகப் பிறக்கிற குட்டிக்குக் காது கேட்காமல் போவதுண்டு, ஒரே ரத்தத்தில் சேர்த்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும். திரும்பி வந்த அம்மா, விஷயம் தெரிந்ததும், சோறு மட்டும் போட்டாள், அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

குட்டிகள் பிறந்தன. எல்லாமே வெள்ளை, அதில் ஒன்று வெள்ளையிலும் வெள்ளை. நீலக் கண். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பார்த்தவுடன் "பாலு" என்று பெயர் வைத்துவிட்டேன். தட்டு பரீட்சை அன்று மற்ற குட்டிகள் ஒவ்வொன்றும் திடுக்கிட்டுத் திரும்பின. பாலு தன் முன்னால் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அம்மா மறுபடி அடித்தாள், மறுபடியும் அடித்தாள். எறும்பு கல்லுக்கடியில் போன பிறகுதான் பாலு நிமிர்ந்தது.

அன்று வீட்டில் நடந்த பேச்சு எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. பாலுவுக்குக் காது கேட்காது என்பதை வெளியில் தெரியாமல் மறைக்க ஒரு வழி இருந்தது. குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது மற்றவை திரும்புவதைப் பார்த்துப் பாலுவும் திரும்பிவிடும். பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது.

"எல்லாத்தையும் ஒண்ணா உட்டுக் காட்டு. அவருக்கு இன்னா தெரியப் போவுது?" என்றார் நைனா.

"இன்னைக்குத் தெரியாது. நாளைக்கு அந்தப் பையன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பான். இது திரும்பாது. திமிருன்னு நெனச்சு அடிப்பான். ரோட்டுல வண்டி ஹாரன் அடிச்சா ஒதுங்காது. அப்ப யாரு போய் நிப்பீங்க?"

"ஆடுங்க எங்க மேயும்? அத மொதல்ல சொல்லு."

"எங்கயாவது மேயும். தெரிஞ்சே ஒண்ணைத் தள்ளிவிட்டேன்னு என் காதால கேக்க முடியாது" என்றாள் அம்மா.

மரக்கடைக்காரர் மகனோடு காரில் வந்து இறங்கினார். பார்த்தவுடன் பாலுவைக் கையில் அள்ளிக்கொண்டார், அந்தப் பையனுக்கோ சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. அம்மா நேராகவே சொன்னாள்: "அதுக்குக் காது கேக்காதுங்க. வேற குட்டி எதை வேணா எடுத்துக்கோங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "வேற யாருக்கோ பேசி வெச்சிட்டு என்னாண்ட கத வுடறியாம்மா? என் நெலத்துலதான உன் ஆடு மேயுது?"

நைனா தலை குனிந்து நின்றார். அம்மா கோபப்படவில்லை. உள்ளே போய்த் தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்து அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே அடிச்சிப் பாருங்க." குட்டியை நான் தனியாகத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு முதுகு காட்டி உட்காரவைத்தேன். அவர் இருந்த கோபத்துக்கு அந்த அடி பூந்தமல்லி வரை கேட்டிருக்கும். பட்டியில் ஆடுகள் மிரண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறின, பையன் காதைப் பொத்திக்கொண்டான். பாலு என் பாவாடை நுனியைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தது. அவர் இன்னொரு முறை அடிக்கவில்லை. தட்டைத் திண்ணைமேல் வைத்துவிட்டு, அழுத பையனை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த வாரமே மனையைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. அந்தக் கோடை முழுக்க நைனாவும் நானும் ஆடுகளை ஏரிக்கரை வரை ஓட்டிப் போனோம். வெயிலில் என் முகம் கருத்து, பள்ளிக்கூடத்தில் அடையாளம் தெரியவில்லை என்றார்கள். நைனா ஒருநாள்கூட அம்மாவைக் குறை சொல்லவில்லை. மாறாக, அந்த ஆண் நாயை ஆவடியில் தெரிந்தவர் வீட்டுக் காவலுக்குக் கொடுத்துவிட்டு, கிடாவுக்கு அலைந்ததைப்போலவே நாய்க்கும் அலைந்து, உறவே இல்லாத, உடம்பில் பழுப்புத் திட்டுகள் கொண்ட ஒரு நாயைத் தேடிப் பிடித்து வந்தார். அதனோடும் உடனே பெட்டையைச் சேர்க்க அம்மா விடவில்லை. ஈன்ற உடம்பு தேறட்டும் என்று ஒரு பருவம் முழுக்க அதற்கு ஓய்வு கொடுத்தாள்.

அதன் பிறகு பிறந்த குட்டிகளுக்குப் பரீட்சை முடிந்த சமயத்தில், கேட்டருகே முன்பு வந்த அதே கார் வந்து நின்றது. மரக்கடைக்காரர். குட்டிகளை அவர் பார்க்கவே இல்லை. "தட்டு எங்கம்மா?" என்று கேட்டார். பழுப்புத் திட்டுக் குட்டி ஒன்றைத் தானே உட்காரவைத்து, தானே தட்டி, அது திரும்பியதும் கூட வந்திருந்த மகனிடம் கொடுத்தார். வேலியை அவர் பிரிக்கவில்லை. ஒரு மூலையில் மட்டும் ஆடு நுழைகிற அளவு கம்பியை விலக்கிவிட்டுப் போனார். நைனா அன்று சாயங்காலமே அந்த இடைவெளி வழியாக ஆடுகளை உள்ளே ஓட்டினார்.

பாலு எங்களோடுதான் இருந்தது. அதற்குக் குட்டி வேண்டாம் என்று கால்நடை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கொண்டுவந்தோம். கூப்பிட வேண்டுமென்றால் நைனா துண்டை உதறுவார், நான் தரையில் காலால் ஓங்கி மிதிப்பேன். ராத்திரியில் ஏதாவது ஓர் ஆட்டின் வயிற்றில் முதுகை ஒட்டிப் படுத்திருக்கும். ஆடு எழுந்தால் அதுவும் எழும். தூங்கும்போது சட்டென்று தொட்டால் பயந்து துள்ளும் என்பதால் முதலில் மூக்குக்கு நேரே கையை நீட்டி, வாசனை பிடிக்கவிட்டு, பிறகுதான் தொடுவோம். நல்ல ஆயுசோடு இருந்து, ஆடுகளின் நடுவிலேயே போய்ச் சேர்ந்தது.

இப்போது பண்ணையை நான் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்து மனையில் அடுக்குமாடி, தூரத்தில் புதிய பஸ் நிலையத்தின் விளக்குகள். ஆடுகளுக்குப் புல்லை நாங்களே வளர்க்கிறோம். "சுத்த வெள்ளை, நீலக் கண்ணு இல்லையா மேடம்?" என்று போனில் கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லும்போது எனக்கு வருத்தம் வருவதே இல்லை. ஏரிக்கரை மேய்ச்சல் போயிற்று, வேலியும் போயிற்று. தட்டுச் சத்தத்துக்குத் திரும்பாத குட்டி என்பதும் எங்கள் பண்ணையில் இல்லாமல் போயிற்று. நாங்கள் பாடுபட்டு இல்லாமல் ஆக்கியது அது ஒன்றைத்தான். அதில் எனக்குள்ள பெருமை கொஞ்சமல்ல. பாலுவை நினைத்தால் இன்னும் அழுகை வருகிறது என்பதும் உண்மைதான்.

போன வாரம் புதுக் குட்டிகளுக்குப் பரீட்சை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்பதில்லை, மெஷின் வைத்துக்கொள்ளவும் மாட்டேன் என்கிறாள். நாற்காலி போட்டு உட்கார்ந்து குட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடித்த அடி அவளுக்குக் கேட்கவில்லை. ஒவ்வொரு குட்டியும் திரும்பத் திரும்ப, அவள் முகம்தான் மலர்ந்துகொண்டே வந்தது. கடைசிக் குட்டியின் பரீட்சையும் முடிந்தபோது கண்ணயர்ந்திருந்தாள். அவள் முன்னால் போய் உட்கார்ந்து, முகத்துக்கு நேரே கையை நீட்டி, பிறகு மெல்லத் தொட்டேன். கண் திறந்தவள், "எல்லாம் திரும்புச்சா?" என்று சத்தமாகக் கேட்டாள். தலையை ஆட்டினேன்.