கொப்பியில் இல்லாத நான்கு வரிகள்

பேய், குறி, கனவில் வந்த தெய்வம் என்று யாராவது தொடங்கினால், தேத்தண்ணி போடுகிறேன் என்று சொல்லிக் குசினிக்குள் போய்விடுகிற ஆள் நான். அப்படிப்பட்ட நானே ஒன்றைச் சொல்ல வருகிறேன், அதுவும் அமெரிக்கக் கவிதை ஒன்றைப் பற்றி. சிரிப்பு வந்தால் சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள்.

போர்நிறுத்தம் வந்து, யாழ்ப்பாணத்துக்கான ஏ-ஒன்பது பாதை திறந்த மறு வருடம். கிளிநொச்சியில் ஆங்கிலம் படிப்பிக்கும் தொண்டர் ஆசிரியனாக இருந்தேன். நிரந்தர நியமனத்துக்குப் பட்டம் வேண்டும். வெளிவாரிப் பட்டப்படிப்பில் மற்ற எல்லாப் பாடமும் சித்தி, நவீன அமெரிக்கக் கவிதை மட்டும் இரண்டு முறை என் காலை வாரிவிட்டது. மூன்றாம் முறையும் கோட்டை விட்டால் பதிவு ரத்து, நியமனத்தையும் மறந்துவிட வேண்டியதுதான். இலக்கணம் கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் எதையோ ஒளித்து வைத்துவிட்டு நம்மைத் தேடச் சொல்லும் இந்தக் கவிதை விளையாட்டு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

என்னிடம் புத்தகமும் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சிநேகிதன் ஒருவன் கையால் எழுதிய கொப்பிதான் இருந்தது. அதில் கடைசிக் கவிதையில், பனி கொட்டும் ஊரில் ஒரு பெண் தன் வாசற்கதவுக்கு மஞ்சள் பெயின்ற் அடிக்கிறாள். அடித்துக்கொண்டே இருக்கிறாள், அந்த இடத்தில் கொப்பி முடிந்துவிட்டது. கடதாசிக்குத் தட்டுப்பாடான காலம், மிச்சத்தை எழுத அவனுக்கு இடமில்லை. ஓரத்தில் மட்டும் ‘மஞ்சள்: நோய், பயம், மரணம்’ என்று குறித்திருந்தான். நானும் அதையே பாடமாக்கி வைத்திருந்தேன்.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு காலை சைக்கிளில் இரணைமடுக் குளத்துக்குப் போனேன். வீட்டில் சத்தமாக வாசித்தால் “கச்சேரி தொடங்கிட்டுதோ?” என்று மனைவி கேட்பாள். அணைக்கட்டில் ஒரு மர நிழலில் நின்று ஆங்கிலத்தில் உரக்க வாசித்தேன். எனக்கு வழக்கமாக மீன் விற்கும் புஷ்பம் அக்கா பக்கத்தில் வலையிலிருந்து பாசி எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது.

“என்ன மாஸ்ரர், ஆரை ஏசுறீங்கள்?”

“ஏசேல்லை அக்கா, கவிதை. ஒரு பொம்பிளை பனிக்குள்ளை நிண்டு கதவுக்கு மஞ்சள் பெயின்ற் அடிக்கிறா. சாகப்போறாவாம்.”

அக்கா வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். “சாகப்போறவள் ஏன் கதவுக்குப் பெயின்ற் அடிக்கிறாள்? எங்கடை றோட்டிலை பாருங்கோ, இப்ப ஆர் அடிக்கினம்? வெளிநாட்டிலையிருந்து பிள்ளை வாற வீட்டுக்காரர்தானே! இவளுக்கும் ஆரோ வருகினம். பெயின்ற் காய முதலே அவன் வந்திட்டான். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறாள். அவன்ரை கறுத்தக் கோட்டு முதுகிலை ரெண்டு மஞ்சள் கை. அது தெரியாமல் ஊரெல்லாம் திரியிறான்!”

வயிறு நோகச் சிரித்தோம். இரண்டு விரால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வவுனியாவில் பரீட்சை. வினாத்தாளைத் திருப்பினால் அதே கவிதை, முழுதாக அச்சிட்டிருந்தார்கள். குறியீட்டையும் உணர்ச்சியையும் விளக்க வேண்டும். கொப்பியில் இல்லாத கடைசி நான்கு வரிகளை அன்றுதான் பார்க்கிறேன். கறுத்தக் கோட்டு. முதுகில் இரண்டு மஞ்சள் கை. அது தெரியாமல் அவன் தெருவில் நடந்து போகிறான்.

நம்பினால் நம்புங்கள், அந்த நான்கு வரிகளையும் விரல் வைத்து மூன்று முறை வாசித்தேன். பிறகு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், நோயையும் மரணத்தையும் தூக்கி எறிந்துவிட்டு, பெயின்ற் காயும்வரை பொறுக்க முடியாத அவளுடைய அன்பைப் பற்றி எழுதினேன், மேலதிகத் தாள் கேட்டு வாங்கி வாங்கி எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கவிதை எனக்குப் பிடித்துப் போயிற்று.

பெறுபேறு வந்தது. சித்தி, அதுவும் நல்ல சித்தி. மனைவி பிடித்த லட்டுடன் இரணைமடுவுக்குப் பறந்தேன்.

“அக்கா, நீங்கள் சொன்னதையே எழுதிப் பாஸ் பண்ணிட்டன்! அந்த மஞ்சள் கை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அக்கா கையில் எடுத்த லட்டைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். “நான் எங்கை சொன்னனான்? பிள்ளை வாற வீட்டுக்குத்தான் பெயின்ற் அடிக்கிறது எண்டு மட்டும்தான் சொன்னன். உடனை நீங்கள் கொப்பியை மூடிப்போட்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, மிச்சம் முழுக்கச் சொன்னீங்கள். கோட்டு, கை எல்லாம் நீங்கள்தான்.”

“பகிடி விடாதேங்கோ அக்கா.”

“என்ரை பிள்ளையள் மேலை சத்தியம். சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னீங்கள், கண்ணாலை தண்ணி ஓடினது. ஆரைக் கண்டுட்டு இவர் இப்பிடிச் சந்தோசப்படுறார் எண்டு நான் பின்னுக்குத் திரும்பியும் பார்த்தனான்.”

அக்கா பொய் பேசுகிறவர் இல்லை. நானும் இல்லை. அன்று அந்த வரிகளைச் சொன்னது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நியமனம் கிடைத்து, அதே கவிதையை எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டேன். ஆங்கிலத்தில் வாசிக்கும்போது ஒன்றும் இல்லை. தமிழில் சொல்லிக்கொண்டு கடைசி வரிகளுக்கு வரும்போது மட்டும் என் இரண்டு உள்ளங்கையும் ஈரமாகிவிடும். வேர்வைதான், சந்தேகமில்லை. என்றாலும் துடைப்பதற்கு முன், பிள்ளைகள் காணாதபடி, அதன் நிறத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.