சவுண்டு பெட்டிக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜை வந்தால் எங்கள் வீட்டில் பொட்டு வாங்காமல் தப்பிக்கும் பொருள் எதுவும் கிடையாது. லாரி ஓட்டிய காலத்தில் வந்த பழக்கம் அது. சங்ககிரியில் வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, முகப்பில் சந்தனத்தால் பட்டை இழுத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் மறுபடி ஸ்டியரிங்கில் கை வைப்போம். இப்போது வண்டி இல்லை. முழங்கால் ஒத்துழைக்காததால் விட்டுவிட்டேன். ஆனால் அந்த நாள் வந்தால் கை சும்மா இருக்காது. ஸ்பேனர், ஜாக்கி, மிக்சி, கிரைண்டர், அரிவாள்மனை, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் வைப்பேன். நமக்குச் சோறு போடுகிற பொருளில் சாமி குடியிருக்கிறது என்று நம்புகிறவன் நான். எட்டாவது வரைதான் படித்தேன். சாமி கும்பிட அதற்கு மேல் படிப்பு தேவையில்லை என்று நினைத்திருந்தேன்.

போன வருஷம் பூஜைக்குப் புதிதாக ஒரு பொருள் வந்தது. என் மருமகளுடைய சவுண்டு பெட்டி. மைக்கில் பேசுகிற குரலைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற பெட்டி அது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். முன்பக்கம் திருகுகள், பின்பக்கம் ஒயர் சொருக ஓட்டைகள். அவள் இங்கிலீஷில் ஒரு பெயர் சொல்வாள். எங்கள் வாயில் அது சவுண்டு பெட்டிதான்.

மருமகள் சேந்தமங்கலத்துப் பெண். டீச்சர் வேலைக்குப் படித்தவள். என் மகன் ரிக் வண்டியோடு வடக்கே போய் போர்வெல் போடுகிறவன். வந்தால் கொஞ்ச நாள் இருப்பான், மறுபடி கிளம்பிவிடுவான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவளால் வெளியே வேலைக்குப் போக முடியவில்லை. வெளிநாட்டில் வளர்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதையும் பாடமும் வாசித்துக் கொடுக்க ஒரு கம்பெனி ஆள் தேடுகிறது என்று தெரிந்து எழுதிப் போட்டாள். மாதிரிக்கு வாசித்து அனுப்பியது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. இனி ஒருமுறை கம்ப்யூட்டர் வழியாக அவர்கள் கேட்கக் கேட்க வாசித்துக் காட்ட வேண்டும். அது சரியாக அமைந்தால் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

எந்த நாள் வசதி என்று அவர்கள் கேட்டார்கள். விஜயதசமி என்று சொல்லச் சொன்னதே நான்தான். தொடங்குகிற காரியம் துலங்கும் நாள் அல்லவா.

அதற்கு முந்தின நாள் பூஜைக்கு எல்லாவற்றையும் அடுக்கும்போது மருமகள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"மாமா, சாயங்காலம் மைக்குல ஒருக்காப் படிச்சுப் பாத்துக்கலாம்னு இருந்தனுங்க. பொட்டிய மட்டும் இப்ப வெக்காம உட்டறலாமுங்களா?"

"அதெப்புடி அம்மிணி? நாளைக்குச் சோறு போடப் போறதே அதுதான். அத உட்டுப்போட்டு ஆட்டாங்கல்லுக்கா பூஜை போடறது?"

என் வீட்டுக்காரி சமையலறையிலிருந்து, "உடுங்களே. புள்ள ஒருக்காப் படிச்சுப் பாக்கட்டும்" என்றாள்.

"பூஜையில வெச்சத மறுபூஜை முடியாம எடுக்கறதில்ல. ஒரு நாள் அதுவும் ஓய்வெடுக்கட்டும்" என்றேன். மருமகள் போய்ப் பெட்டியை எடுத்துவந்து கொடுத்தாள்.

அந்தப் பெட்டிக்கு நான் கவனமாகவே பொட்டு வைத்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் அதிகமாகக் கூசுகிறது. முன்பக்கத்தில் திருகுகளும் எழுத்துகளும் இருந்தன. அங்கே வைத்தால் எழுத்து மறையும், அவளுக்குத் தொந்தரவு என்று பெட்டியைத் திருப்பினேன். ஒயரை உருவினேன். ஒயர் இருந்த இடத்தில் சின்னதாக ஒரு சதுர ஓட்டை. பொட்டு வைக்கவென்றே செய்தது போல இருந்தது. பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை அதில் நிறைய அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். மனதுக்குத் திருப்தியாக இருந்தது. மருமகளுக்கு நல்ல வழி காட்டப்பா என்று வேண்டிக்கொண்டுதான் வைத்தேன்.

மறுநாள் காலையில் மறுபூஜை முடிந்ததும், பொருள்களை எடுத்துக் கொடுக்குமுன் ஈரத்துணியால் துடைப்பது என் வழக்கம். பெட்டியையும் துடைத்தேன். மேலே இருந்தது போயிற்று. உள்ளே போனதைப் பற்றி எனக்கு நினைப்பே வரவில்லை. நானே அந்த ஒயரை ஓட்டையில் அழுத்திச் சொருகி அவள் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான் போனது.

பதினொரு மணிக்கு வாசிக்க வேண்டும். அவள் நேரத்தோடு குளித்து, குழந்தையைத் தூங்க வைத்து, ரோட்டுச் சத்தம் வராமலிருக்க ஜன்னலில் ஜமுக்காளம் கட்டிவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள்.

"மாமா, பொட்டியில வெளக்கு எரியுதுங்க. ஆனா கம்ப்யூட்டருக்குத் தெரியமாட்டீங்குது."

"வெளக்கு எரிஞ்சா சரியா இருக்குதுன்னுதான அர்த்தம்?"

"கரண்டு போற கம்பி வேறீங்க மாமா, குரல் போற கம்பி வேற. பொட்டி வந்து சேந்தா கம்ப்யூட்டர் ஒரு சத்தங் குடுக்கும். அதே வரலீங்க."

கம்ப்யூட்டரில் ஒயரைக் கழற்றி மாட்டினாள். கம்ப்யூட்டரின் இந்தப் பக்கத்து ஓட்டையிலிருந்து அந்தப் பக்கத்து ஓட்டைக்கு மாற்றினாள். கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினாள். பெட்டியோடு வந்த சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். ஒவ்வொரு முறையும் திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன. பெட்டியின் பெயர் மட்டும் வரவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரி உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "கண்ணு பட்டிருச்சாட்ட இருக்குது. பொட்டி வந்தன்னைக்கே பக்கத்தூட்டுக்காரி எட்டி எட்டிப் பாத்தா."

"அத்தை, பொட்டிக்கா சுத்திப் போடறீங்க?"

"உனக்குத்தான் புள்ள. பொட்டிக்கு உங்க மாமா பாத்துக்குவாரு."

மருமகள் அந்தத் தவிப்பிலும் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பார்த்துச் சொன்ன நாள், நான் போட்ட பூஜை. அதில் தடங்கல் வருகிறது என்றால் எங்கோ குறை நடந்திருக்கிறது. அந்தக் குறை என்னுடையதாக இருக்கும் என்று ஒரு நொடி கூட எனக்குத் தோன்றவில்லை. முந்தின நாள் மத்தியானம் நான் கண் அசந்து எழுந்தபோது அவள் அறைக் கதவு சாத்தியிருந்ததும், உள்ளே வாசிக்கும் சத்தம் கேட்டதும் நினைவுக்கு வந்தன.

"நேத்துப் பொட்டிய எடுத்தயா அம்மிணி?"

அவள் திரும்பினாள். "இல்லீங்க மாமா."

"மறைக்காத. மத்தியானம் கதவச் சாத்திக்கிட்டுப் படிச்சயில்ல? பூஜையில இருக்கறத எடுத்தா இப்புடித்தான் ஆகும். அவசரம். பெரியவங்க சொல்லு காதுல ஏறறதில்ல."

"காயிதத்துல பாத்துத்தானுங்க மாமா படிச்சேன். பொட்டியத் தொடலீங்க."

நம்பவில்லை என்பது என் முகத்திலேயே இருந்திருக்கும். அவள் குனிந்துகொண்டாள். நிமிராமலே, "வயர் போயிருக்குமாட்ட இருக்குதுங்க. பிரிண்டருக்குப் போடற வயரும் இதேதான். கெடைச்சாப் பாக்கலாம்" என்றாள். குரல் கம்மியிருந்தது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். ஜெராக்ஸ் கடைக்காரர் அப்போதுதான் பூஜை போட்டுக் கடையைத் திறந்துகொண்டிருந்தார். பொரியும் கடலையும் கையில் கொடுத்து, விஷயத்தைக் கேட்டு, தன் பிரிண்டரிலிருந்தே ஒயரை உருவிக் கொடுத்தார். வேகமாகத் திரும்பி வந்தேன்.

நான் உள்ளே நுழைந்தபோது மருமகள் பெட்டியைக் கவிழ்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் எதையோ மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒயரை வாங்கி, ஊதிவிட்டுச் சொருகினாள். கம்ப்யூட்டர் 'டுண்' என்றது. திரையில் பெட்டியின் பெயர் வந்தது.

"வயருதானுங்க மாமா. நல்லவேளை கொண்டாந்தீங்க."

எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. "பாத்தயா, சாமி கைவிடல" என்றேன். என்ன பேச்சு!

கதவைச் சாத்திக்கொண்டு அவள் வாசித்தாள். நானும் வீட்டுக்காரியும் கூடத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தோம். காட்டில் வழி தவறின ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. பல நாள் கேட்டுப் பழகின கதை. குட்டி தாயைக் கூப்பிடுகிற இடத்தில் அவள் குரல் நடுங்கிற்று. நின்றாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி தொடங்கினாள். மறுபடியும் அடைத்தது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"கொரல் தெளிவா இல்லீங்களாம். நாளைக்கு இதே நேரம் இன்னொருக்காப் படிக்கச் சொல்லிருக்காங்க. அதோட முடிவு சொல்லுவாங்களாமா." சொல்லிவிட்டு குழந்தையை எடுக்கப் போய்விட்டாள்.

பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்காரருடைய ஒயரைத் திருப்பிக் கொடுக்க அவள் மேசைக்குப் போனேன். புது ஒயர் வாங்க வேண்டுமே, பழையதை மாதிரிக்குக் கொண்டு போகலாம் என்று அதையும் கையில் எடுத்தேன். அதன் தகர மூக்கின் விளிம்பில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். பொடியாக உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். பன்னீர் வாசம்.

மேசைக்குக் கீழே குப்பைக் கூடை இருந்தது. அதில் காது குடையும் பஞ்சுக் குச்சிகள், எல்லாமே மஞ்சள். ஓர் ஊக்கு, அதன் நுனியும் மஞ்சள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கம்ப்யூட்டர் திறந்துதான் இருந்தது. பெட்டியில் பழைய ஒயரையே சொருகிப் பார்த்தேன். 'டுண்' என்றது.

என் வீட்டுக்காரி வாசற்படியில் நின்றிருந்தாள்.

"இப்பத்தான் தெரியுதாக்கும்?"

"உனக்குத் தெரியுமா?"

"நீங்க கடைக்குப் போன பொறவு வயர உருவிப் பாத்தா. உள்ளார பூராச் சந்தனம். அரிசியில கல்லுப் பொறுக்கற மாதிரி கொஞ்சங் கொஞ்சமா எடுத்தா. நானே உங்களைக் கேக்கலாம்னுதான் இருந்தேன். 'மாமாகிட்டச் சொல்லீராதீங்க அத்தை, சாமிக்குன்னு வெச்சாரு, மனசு ஒடைஞ்சு போயிருவாரு'ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டா."

என்னைப் பொய் சொன்னவளாக்காதீர்கள் என்று கேட்டிருக்க வேண்டியவள். நான் சொன்ன சொல்லை முழுங்கிக்கொண்டு, என் மனசு உடைந்துவிடும் என்று பார்த்திருக்கிறாள். முழுங்கின அந்தச் சொல்தான் வாசிக்கும்போது தொண்டையில் நின்றிருக்கிறது. சந்தனத்தைக் குச்சி விட்டு எடுத்துவிட்டாள், இதை எதை விட்டு எடுப்பாள்?

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். முழங்கால் வலியோடு தோப்புக்கரணம் போட்டேன். தப்புப் பண்ணிட்டேன் சாமி, மன்னிச்சிரு என்றேன். எப்போதும் அங்கே ஒன்றைச் சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும். அன்றைக்கு ஆகவில்லை. விளக்கு வெளிச்சத்தில் நின்று யோசித்தபோது புரிந்தது. பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்பது எனக்குச் சுலபம். அவரை நான் ஒன்றும் சொல்லவில்லையே. சொன்னது வேறு ஒருத்தியை. அவளிடம் போகக் கால் வராமல்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் சொல்ல வாய் வரவில்லை. சாப்பிடும்போது அவள் எப்போதும் போல, "இன்னொரு தோசை போடட்டுங்களா மாமா?" என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

மறுநாள் காலையில் அவள் ஜன்னலில் ஜமுக்காளம் கட்டிக்கொண்டிருக்கும்போது போனேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். முகத்தைப் பார்க்காமல் பேச அது உதவியாக இருந்தது.

"அம்மிணி, சந்தனத்தப் பாத்துட்டேன்."

அவள் கை நின்றது. "ஐயோ, அது ஒண்ணுமில்லீங்க மாமா. தொடைச்சாச் சரியாப்போச்சு."

"சந்தனம் தொடைச்சாப் போயிரும் சாமி. நீ தொடலீன்னு சொன்ன. நான் நம்பல. பொய் சொல்றவன்னு நெனச்சுட்டேன். அது தப்பு. எம்மேலதான் தப்பு."

ஜமுக்காளத்தின் முடிச்சை இறுக்கினாள். பிறகு, "அதுதானுங்க மாமா எனக்கு" என்று தொடங்கி நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொன்னதே போதுமுங்க" என்றாள்.

என் மருமகள் என்னை மாமா என்று கூப்பிடுகிற அந்தக் குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. குறைந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பதினொரு மணிக்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடந்தேன். காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியோடு வந்தார். ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டு அணைக்கச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தள்ளிப் போனார். திரும்பி வந்து ஜன்னலருகே நின்றேன். ஆட்டுக்குட்டி தாயைக் கூப்பிடுகிற இடம் வந்தது. குரல் நிற்கவில்லை. கூப்பிட்டது, பதில் வந்தது, குட்டி மடி முட்டியது. கதை முடியும்வரை தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்கவில்லை.

கதவு திறந்ததும் குழந்தை அவளிடம் தாவியது.

"அடுத்த வாரத்துலருந்து பாடம் அனுப்பறாங்களாமுங்க மாமா. படிச்சது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

"நல்லாக் கேட்டுச்சு சாமி."

"அடுத்த வருசம் பொட்டிய நானே தொடைச்சுக் கொண்டாந்து தாரனுங்க. மேலாப்புல ஒரு பொட்டு வெச்சாப் போதும்" என்று சிரித்தாள். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி, "அவரு கைய நம்பாத புள்ள, சந்தனத்த நீயே வெச்சுக்கோ" என்று கத்தினாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதும் மருமகள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. குழந்தையின் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.